படியில் உட்கார்ந்த ஒன்பது பேர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்தாள். சீழ் ஊறிய கட்டுத்துணி, ரத்தம் உறைந்த விரிப்பு, செத்தவர்களுக்கு அடியில் கிடந்த மெத்தையுறை எல்லாம் முதலில் அவள் கையில்தான் வந்து விழும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் முழுக்க மூக்கில் துணி கட்டிக்கொண்டு நிற்பார்கள். இரண்டாம் நாளே வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தவர்களும் உண்டு. அவள் ஒரு நாள்கூட மூக்கை மூடியதில்லை.

“உனக்கு மூக்குன்னு ஒண்ணு நெஜமாவே இருக்கா, இல்ல சும்மா அழகுக்கு ஒட்டி வச்சிருக்கியா?” என்று கூட இருந்த பெண்கள் கேட்பார்கள்.

“அழகுக்குத்தான். அதுவும் சரியா அமையல” என்பாள் அவள்.

‘மூக்கில்லாதவள்’ என்ற பட்டப்பெயர் அங்கே வந்ததுதான். ஓய்வு பெற்ற நாளில் மேற்பார்வையாளர் அந்தப் பெயரைச் சொல்லியே சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். உண்மையில் அவளைப் போல் மூக்கு உள்ளவர்கள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது. யார் காலையில் குளிக்கவில்லை, எந்த மூட்டையில் என்ன வியாதி என்று பத்தடி தூரத்திலேயே சொல்லிவிடுவாள். மூடவில்லை, அவ்வளவுதான். ஏன் மூடவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன வருஷம் செத்துப்போன புருஷனிடமும் சொல்லவில்லை, மருந்துக்கடை வைத்திருக்கும் மகளிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு எழுபத்திரண்டு வயதானபோது நினைவுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். செயலாளர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. கூட வந்தவன் கேமராவைக் கழுத்தில் மாட்டிய ஒரு பையன். தபால் நிலையத்தின் பார்சல் கிடங்குக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. போர்க்காலத்தில் விமானங்கள் குண்டு போட வரும்போது நாலு தெரு ஜனமும் அங்கேதான் ஓடிப் பதுங்கியது. அதைச் சுத்தம் பண்ணி, வெள்ளையடித்து, காட்சிக்கூடமாகத் திறக்கப்போகிறார்களாம்.

“அம்மா, அன்னிக்கு அந்த நிலவறைக்குள்ள போக அட்டை வச்சிருந்தவங்கள்ல மூணே பேருதான் இப்போ இருக்கீங்க” என்றாள் ஆசிரியை. “ஒருத்தருக்கு ஞாபகம் போயிடுச்சு. இன்னொருத்தருக்குக் காது கேக்கல. திறப்பு விழாவுல நீங்கதான் பேசணும்.”

“அப்போ நான் மூணாவது ஆளா?”

“ஐயோ, அப்படிச் சொல்லல.”

“சொன்னா என்ன, தப்பில்ல. என்ன பேசணும்?”

“உங்க ஞாபகத்துல இருக்கிறதைப் பேசுங்க. எல்லாரும் ஒரே குடும்பமா இருந்தது, பயத்துலயும் பாட்டுப் பாடுனது, அந்த மாதிரி.”

மறுநாள் மகளும் அவளும் போய்ப் பார்த்தார்கள். மகளுக்கு ஒரே குஷி. அம்மா மேடையேறிப் பேசப்போகிறாள் என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாகிவிட்டது. நிலவறையில் சுவரெல்லாம் பால் மாதிரி வெள்ளை. பழைய பெஞ்சுகளுக்கு மெருகெண்ணெய் பூசி வரிசையாகப் போட்டிருந்தார்கள். அட்டை மாட்டும் ஆணிப்பலகை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு: ‘இந்தப் பதுங்கறையில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.’

மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு பொத்தான். “இதை அழுத்திப் பாருங்க” என்றான் கேமராப் பையன். “அந்தக் காலத்து வாசனை. வெளியூர்ல சொல்லிச் செஞ்சது.”

அழுத்தினாள். புஸ் என்று முகத்தில் அடித்தது. மண்ணெண்ணெய், சுட்ட ரொட்டி, ரோஜா சோப்பு. அவள் ஓரடி பின்வாங்கினாள்.

“இதுல சோப்பு வாசனையைச் சேர்த்தது யாரு?” என்றாள்.

“ஏன்மா, நல்லாத்தானே இருக்கு?” என்றாள் மகள். பிறகு ஒரு பெஞ்சைத் தடவிக்கொண்டே, “பாட்டி உன்னை மடியில வச்சுக்கிட்டு இங்கதான் உக்காந்திருந்தாங்களா?” என்று கேட்டாள்.

“ஆமா” என்றாள் அவள்.

மகள் பாட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிற மனுஷி பாட்டியே அல்ல. சனிக்கிழமை மேடையில் உண்மையைச் சொன்னால் மகளுக்குப் பாட்டி போய்விடுவாள். அம்மாவைப் பற்றி அவள் நினைத்திருப்பதும் கூடவே போய்விடும். சொல்லாவிட்டால் அந்தப் பித்தளைத் தகடு சொல்வதுதான் கடைசிவரைக்கும் உண்மை. வீட்டுக்கு வந்து முகத்தை நாலு தடவை கழுவினாள். ரோஜா சோப்பு போகவில்லை.

அவளுடைய உண்மையான அம்மா எலும்புப் பசை ஆலையில் வேலை பார்த்தாள்.

கசாப்புக் கடைகளிலிருந்தும் தோல் கிடங்குகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் எலும்பு, குளம்பு, தோலின் ஓரத்துணுக்கு எல்லாவற்றையும் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, பெரிய கொப்பரைகளில் போட்டு நாள் முழுக்கக் காய்ச்சுவார்கள். மேலே திரளும் நுரையை அகப்பையால் வழித்து எடுப்பதுதான் அம்மாவின் வேலை. அந்த நுரையின் நாற்றம் தலைமுடிக்குள், நகக்கண்ணுக்குள், தோலுக்கு அடியிலேயே போய்க் குடியிருக்கும். அம்மா சாம்பல் போட்டுத் தேய்ப்பாள், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாள், கை சிவந்து புண்ணாகும்வரை தேய்ப்பாள். அரைமணி நேரம் சும்மா இருக்கும். உடம்பு கொஞ்சம் வேர்த்தால் போதும், ஆலை மறுபடி வீட்டுக்குள் வந்துவிடும்.

அப்பா போர்முனைக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மாவும் அவளும் ஒற்றை அறையில் இருந்தார்கள். அவளுக்கு ஒன்பது வயது. அம்மாவின் துணியோடு தன் துணியைச் சேர்த்துத் துவைக்க விடமாட்டாள். பள்ளிக்கூடம் கிளம்புமுன் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘சோப்புக்கட்டி’. “என் சோப்புக்கட்டி கரைஞ்சிடாதே, எனக்கு இருக்கிறது நீ ஒருத்திதான்” என்று அம்மாவே சொல்லிச் சிரிப்பாள்.

அம்மாவுக்கு வாய் அதிகம். குண்டு அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடி சிதறாமல் இருக்க அப்போது எல்லா வீட்டிலும் காகிதப் பட்டையைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார்கள். பட்டையின் பின்புறத்தில் பசை காய்ந்திருக்கும். அதை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும். அம்மா தெருவில் நடந்துபோகும்போது அதைப் பார்த்து, “நல்லா நக்குங்க, நல்லா நக்குங்க. நேத்துதான் காய்ச்சினது, மாட்டுக் குளம்பு” என்று மெதுவாகச் சொல்வாள். மகள் வெட்கத்தில் நாலடி தள்ளி நடப்பாள்.

விமானங்கள் பகலில்தான் வரும். ரயில் கொட்டடியும் ஆலைகளும் தெளிவாகத் தெரிய வேண்டுமே. பதினோரு மணிக்கு ஒரு தடவை சங்கு ஊதும், மூன்று மணிவாக்கில் இன்னொரு தடவை. சங்கு ஊதினால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எல்லாரும் தபால் நிலையத்துக்கு ஓடுவார்கள். தெருவோடு ஒரு மரக்கதவு. அதைத் தாண்டினால் கீழே இறங்கும் பன்னிரண்டு படி. படி முடியுமிடத்தில் இரும்புக் கதவு, அதற்குப் பின்னால் நிலவறை.

பதுங்கறைக்குத் தலைவர் போஸ்ட்மாஸ்டர். ஆயுசு முழுக்கக் கடிதங்களைப் பிரித்துப் பிரித்துப் பெட்டியில் போட்டவர், மனுஷர்களையும் அப்படித்தான் பார்த்தார். பார்சல் சீட்டு அட்டைகளை வெட்டி, எண் போட்டு, ஆளுக்கொன்று கொடுத்தார். உள்ளே நுழைகிறவர்கள் தங்கள் எண்ணுக்கு உரிய ஆணியில் அட்டையை மாட்ட வேண்டும், வெளியே போகும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் ஆணியில் ஏதாவது அட்டை மிச்சமிருந்தால் யாரோ உள்ளே மயங்கிக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல ஏற்பாடுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வாரம் எல்லாரும் உள்ளேதான் இருந்தார்கள். யார் பிள்ளை யாரோடு வந்தது என்று எவரும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் முணுமுணுப்பு ஆரம்பித்தது.

அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வாயில் எச்சில் ஊறிக் குமட்டும். அறுபது எழுபது பேர், ஒரே ஒரு காற்றுக்குழாய். சாக்குத் திரைக்குப் பின்னால் இரண்டு வாளி, ஆண்களுக்கொன்று, பெண்களுக்கொன்று. பயத்தில் வயிறு கலங்குகிறவர்கள் வரிசையில் நிற்பார்கள். திரைக்கு அப்பால் நடப்பதெல்லாம் இப்பால் கேட்கும். ஈரச் செருப்பு, ஆறாத புண், சொத்தைப் பல், குழந்தை கக்கிய பால், சுருட்டுப் புகை. பொரித்த மீனைத் துணியில் மடித்துக் கொண்டுவந்து தின்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். தின்று முடித்துக் கையைப் பெஞ்சுக்கு அடியில் துடைப்பார். இத்தனையும் சேர்ந்து சுவரில் வேர்வையாக வழியும். ஆனால் இதில் எதுவும் யார் மூக்கிலும் ஏறவில்லை. பசை ஆலைக்காரர்கள் ஒன்பது பேர் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நாறுவது அவர்கள் மட்டும்தான்.

“எனக்கு ஆஸ்துமா. அவங்க வந்தா மூச்சு முட்டுது” என்றாள் ஒருத்தி.

“குழந்தைங்க இருக்கிற இடம். வியாதி வந்தா யாரு பொறுப்பு?” என்றார் மீன்காரப் பெரியவர். கையில் அப்போதும் மீன் இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் ஒரு தாளில் முடிவை எழுதி ஒட்டினார். பசை ஆலைத் தொழிலாளர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் இனி படிக்கட்டில் இருப்பார்கள். இரண்டு கதவுக்கு நடுவில் இருப்பதால் அதுவும் பத்திரமான இடமே. உள்ளே வராததால் அவர்களுக்கு அட்டை தேவையில்லை. கீழே இன்னொரு வரி: வாளிகளைக் காலி செய்யும் பொறுப்பையும் அவர்களே ஏற்றுக்கொள்வது நல்லது, அவர்களுக்குப் பழக்கம் இருப்பதால்.

தாளின் நாலு மூலையிலும் காகிதப் பட்டை. நாக்கால் ஈரப்படுத்தித்தான் ஒட்டியிருந்தார்.

அன்று சாயங்காலமே அம்மா பக்கத்து வீட்டுத் தையல்காரர் மனைவியிடம் போய்ப் பேசினாள். மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க அக்கா பொண்ணுன்னு சொல்லிடுங்க. ஒரு அட்டை வாங்கிக் கொடுத்திடுங்க. இவ சத்தம் போடமாட்டா, ஓரமா இருப்பா.”

“உனக்கு மனசு வருதா?”

“மனசைப் பார்த்தா படியில உக்கார வேண்டியதுதான். அங்க நான் ஒருத்தி போதும்.” பிறகு மகள் பக்கம் திரும்பி, “இந்தா, நாளையிலேருந்து இவங்களை அத்தைன்னு கூப்பிடாதே. சித்தி. என்னைப் பார்த்தா தெரியாத மாதிரி போ. போவியா?”

“போவேன்” என்றாள் மகள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. அம்மா எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. அம்மாவின் முகம் ஒரு நொடி என்னவோ ஆனது. உடனே சிரித்துக்கொண்டாள். “பார்த்தீங்களா, எவ்வளவு சமர்த்து!”

அட்டை எண் நாற்பத்தொன்று. தினமும் சங்கு ஊதியதும் சித்தியின் கையையும் சித்தியின் மகளுடைய கையையும் பிடித்துக்கொண்டு படியிறங்குவாள். படியில் ஒன்பது பேரும் சுவரோரமாக முழங்காலை ஒடுக்கிக்கொண்டு வழிவிடுவார்கள். இறங்குகிற ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். அவளும் பிடித்துக்கொள்வாள். அம்மாவின் முழங்கால் அவள் பாவாடையில் உரசும். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். உள்ளே போய் உட்கார்ந்ததும் அவளுக்கு ஒரு சந்தோஷம் வரும். பயம் இருந்ததும் நிஜம், அந்தச் சந்தோஷம் இருந்ததும் நிஜம். அங்கே அவள் யாருக்கும் பசைக்காரி மகள் அல்ல. நாலைந்து பேருக்கு விஷயம் தெரியும். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொள்வார்கள்.

குளிர் விட்டு வெயில் ஏற ஆரம்பித்த ஒரு நாள். மூன்று மணிச் சங்கு. வழக்கமாகக் குண்டுகள் ரயில் கொட்டடிப் பக்கம் விழும். தூரத்தில் யாரோ மேஜையை இழுப்பது போல் கேட்கும். அன்று முதல் குண்டே கிட்டத்தில் விழுந்தது. கூரையிலிருந்து மண் கொட்டியது, விளக்கு ஆடியது. இரண்டாவது இன்னும் கிட்டத்தில்.

இரும்புக் கதவைத் தட்டினார்கள்.

“ஐயா! வெளிக்கதவு கழண்டு தொங்குது! உள்ள விடுங்க!” ஆலையில் கொப்பரை காய்ச்சுகிறவரின் குரல். பிறகு அம்மாவின் குரல்: “இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் ஐயா. மூக்கைப் பிடிச்சுக்கோங்க, நாங்க பேசக்கூட மாட்டோம்!”

ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி எழுந்து தாழ்ப்பாள் பக்கம் போனாள். போஸ்ட்மாஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

“நிதானம். இது நான் ஒருத்தன் போட்ட முடிவு இல்ல. எல்லாரும் சேர்ந்து போட்டது. மாத்தணும்னா எல்லாரும் சேர்ந்து மாத்தணும்.”

“மேல குண்டு விழுது, நீங்க கூட்டம் நடத்துறீங்களா?” என்று கத்தினாள் ஆயா.

“முறைன்னு ஒண்ணு இருக்கும்மா. முறை போனா நாம மிருகம்.” அவர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “அவங்க உள்ள வர வேண்டாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க. அட்டை இருக்கிற எல்லாருக்கும் ஒரு கை. பிள்ளைங்களுக்கும் சேர்த்துத்தான்.”

கைகள் எழுந்தன. சில சட்டென்று, சில தயங்கித் தயங்கி. தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சித்தியின் கையும் மெதுவாக மேலே போனது. போஸ்ட்மாஸ்டர் விரல் நீட்டி எண்ணினார். நாற்பத்தெட்டு. விளக்கு ஆடியதில் சந்தேகம் வந்து மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

சித்தியின் மகள் அவள் விலாவில் இடித்தாள். “நீ ஏன் தூக்கல?”

அவள் மனதில் அப்போது ஓடியது ஒன்றே ஒன்றுதான். கதவு திறந்தால் அம்மா வேறு எங்கும் போகமாட்டாள். பயத்தில் பேச்சு, ஏற்பாடு எல்லாம் மறந்து, அத்தனை பேரையும் தாண்டி நேரே வந்து, அந்தக் கையோடு, அந்தத் தலையோடு, அவளைக் கட்டிக்கொள்வாள். எல்லாரும் பார்ப்பார்கள். அந்த நாற்றம் அவள் மேல் ஒட்டிக்கொள்ளும்.

கையைத் தூக்கினாள்.

“நாற்பத்தொன்பது” என்றார் போஸ்ட்மாஸ்டர்.

அந்த ஒரு கையால் எதுவும் மாறவில்லை. அது இல்லாவிட்டாலும் கதவு திறந்திருக்காது. இந்தக் கணக்கை அவள் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்திருக்கிறாள். கணக்கு சரிதான். ஆனால் தேவையே இல்லாமல் தூக்கிய கை என்பதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது. நிர்ப்பந்தம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

அடுத்த குண்டு பார்சல் முற்றத்தில் விழுந்தது. சத்தம் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. இரும்புக் கதவு உள்பக்கமாகப் புடைத்தது, ஆனால் நின்றது. வாளிகள் இரண்டும் கவிழ்ந்து, உள்ளிருந்தது தரையெல்லாம் ஓடியது. அதிலேயே ஜனங்கள் விழுந்து எழுந்தார்கள். கதவைத் தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது.

ஆபத்து நீங்கிய சங்கு ஊதியபின் நாலு பேர் சேர்ந்து கதவை நெம்பித் திறந்தார்கள். படிக்கட்டு முழுக்கச் செங்கல் தூள், தெரு வெளிச்சம். ஒன்பது பேரும் அங்கேதான் இருந்தார்கள். ஏறிப் போகிறவர்களுக்கு வழிவிட இப்போது அவர்களால் முடியவில்லை. மலமும் மூத்திரமும் உடம்பில் வழிய உள்ளேயிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, பாதம் படாமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஏறினார்கள்.

“மூடிக்கோ” என்றாள் சித்தி. கண்ணைத்தான் சொன்னாள். அவள் மூக்கை மூடிக்கொண்டாள். கண் திறந்தே இருந்தது.

போஸ்ட்மாஸ்டர் கதவோரம் நின்று ஆணிப்பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் அட்டைகூட மிச்சமில்லை. “அறுபத்து மூணு பேரு வந்தோம், அறுபத்து மூணு பேரும் போறோம்” என்றார். குரல் தழுதழுத்தது. “ஒரு உயிர்கூடப் போகல.” யாரோ அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். படியில் கிடந்தவர்களைத் தெருவில் செத்தவர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். அவர்களுக்குத்தான் அட்டையே இல்லையே.

தையல்காரர் வீட்டிலேயே அவள் வளர்ந்தாள். சித்தி நன்றாகத்தான் வளர்த்தாள். சொந்த மகளுக்கு ஒன்று தைத்தால் இவளுக்கும் ஒன்று தைப்பாள். அத்தையாக இருந்து சித்தியானவள் ரெண்டு வருஷத்தில் அம்மாவானாள். பக்கத்து ஊருக்குக் குடிபோனபோது அவள்தான் அம்மா என்பது சந்தேகமில்லாத விஷயமாகிவிட்டது. கல்யாணத்தின்போது புருஷன் வீட்டாரிடம் அப்படித்தான் சொன்னார்கள். மகள் பிறந்தபோதும் அப்படித்தான். அந்தக் கை தூக்கலைப் பற்றிச் சித்தியும் அவளும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. சலவைக்கூடத்தில் வேலை காலியிருக்கிறது, யாரும் போக மாட்டேன் என்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை தபால் நிலைய முற்றத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, மைக் வைத்திருந்தார்கள். முன்வரிசையில் மகள். அவளுக்குப் பக்கத்தில் போஸ்ட்மாஸ்டரின் மகன், அறுபதைத் தொட்டவர், கோட்டில் அப்பாவின் பதக்கம் குத்தியிருந்தது. நகராட்சித் தலைவர் ஒற்றுமையைப் பற்றி இருபது நிமிஷம் பேசினார். ஆசிரியை அவளைக் கைபிடித்து மைக்குக்கு அழைத்துப்போனாள்.

அவள் தாள் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

“பாட்டுப் பாடுனோமான்னு கேட்டாங்க. பாடுனோம். ஆனா அந்த ரூம்ல ரோஜா சோப்பு வாசனை வரல. நாங்க எல்லாரும் நாறுனோம். போஸ்ட்மாஸ்டரும் நாறுனாரு, நானும் நாறுனேன். படியில ஒன்பது பேரு இருந்தாங்க. பசை ஆலைக்காரங்க. அவங்க நாறுறாங்கன்னு வெளியில உக்கார வச்சிருந்தோம். நம்ம மூத்திர வாளியை அவங்கதான் தூக்கிட்டுப் போனாங்க. குண்டு விழுந்த அன்னிக்குக் கதவைத் தட்டுனாங்க. திறக்கலாமா வேண்டாமான்னு நாங்க கை தூக்கி ஓட்டுப் போட்டோம்.”

முற்றத்தில் யாரோ இருமினார்கள்.

“ஒன்பது பேரும் செத்தாங்க. அதுல எங்க அம்மா ஒருத்தி. என்னைப் பெத்த அம்மா. நான் அவங்களை உள்ள விட வேண்டாம்னு கை தூக்குனேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தல. கீழ பித்தளையில ஒரு உயிர்கூடப் போகலன்னு எழுதி வச்சிருக்கீங்க. அதை எடுத்திடுங்க. அவ்வளவுதான்.”

பதக்கக்காரர் எழுந்துவிட்டார். “எங்க அப்பா அறுபத்து மூணு உயிரைக் காப்பாத்துனவரு!”

“காப்பாத்துனாரு. இல்லைன்னு யாரு சொன்னா? அதுல ஒண்ணு நான்தான். அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்.”

“அம்மா, இது திறப்பு விழா...” என்று ஆசிரியை காதோரம் முனகினாள். முகம் வெளுத்திருந்தது. பாவம், அவள் கெட்டவள் அல்ல. “இப்படிப் பண்ணலாம். வெளிய, படிக்கட்டுப் பக்கமா, சின்னதா ஒரு பலகை வச்சிடலாம். அந்தப் பித்தளையைச் செதுக்கியாச்சு, என்ன பண்றது...”

“வெளியவா?” என்றாள் அவள். “மறுபடியுமா?”

கூட்டத்தில் சிலர் கைதட்டினார்கள். பேச்சு முடிந்தால் கைதட்டுவது வழக்கம், அதனால் தட்டினார்கள். உடனே ஒலிபெருக்கியில், கேக்கும் டீயும் கீழே நிலவறையில் வைத்திருக்கிறோம், தள்ளாமல் வரிசையாக வாருங்கள் என்று அறிவித்தார்கள். ஜனம் எழுந்தது. தட்டு தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் நடை வேகமானது. அவள் ஓரமாக நின்று பார்த்தாள். பன்னிரண்டு படியிலும் செருப்புகள் தடதடவென்று இறங்கின. வாய்க்குள் எதையோ அழுகலைக் கடித்துவிட்டது போல அவளுக்கு முகம் கோணியது.

மகள் வந்து பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அம்மாவுக்குத் தைரியம் வரவில்லை.

“அப்போ பாட்டி?”

“பாட்டி இல்ல. வளர்த்தவங்க. நல்லா வளர்த்தாங்க.” கொஞ்சம் நிறுத்தி, மறைத்தது போதும் என்று தோன்றி, “அவங்களும் கை தூக்குனாங்க” என்றாள்.

“நீயும்.”

“நானும்.”

“நாப்பத்து நாலு வருஷமா எங்கிட்ட வாய் கூசாம பொய் சொல்லியிருக்க.”

“ஆமா.”

“எனக்கு வயித்தைக் குமட்டுதும்மா.”

“குமட்டட்டும்” என்றாள் அவள். “எனக்கு அறுபத்து மூணு வருஷமா அப்படித்தான் இருக்கு.”

மகள் அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. கைப்பையைத் தோளில் இழுத்து மாட்டிக்கொண்டு மரக்கதவுவரை போனாள். வீட்டுக்குப் போகப்போகிறாள் என்றுதான் அம்மா நினைத்தாள். கதவோரம் நின்று கீழே பார்த்துவிட்டு, திரும்பாமலே கேட்டாள்:

“எந்தப் படி?”

“மேலேருந்து ஏழாவது. வலது பக்கம், சுவரோரம்.”

மகள் எண்ணிக்கொண்டே இறங்கினாள். ஏழாவது படியில், புதுத் துணியென்றும் பாராமல், முழங்காலை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மா கைப்பிடியைப் பற்றி மெதுவாக இறங்கி ஒரு படி மேலே உட்கார்ந்தாள். கீழேயிருந்து கேக் தட்டுகளோடு ஏறி வந்தவர்களும் மேலிருந்து இறங்கியவர்களும் நடுவில் திகைத்து நின்றார்கள்.

“கொஞ்சம் எந்திரிங்க, வழியில உக்காந்திருக்கீங்க” என்றார் ஒருவர்.

“தெரியும்” என்றாள் மகள். “சுத்திப் போங்க.”